ரொட்டி காய்த்த மரம்

தின்னும் செஸ்ட்நட் எது, நஞ்சு எது? எங்கே விளைகிறது, யார் விற்கிறார்கள்?

லண்டன், பாரிஸ், டொரான்டோ என்று குளிர்நாட்டு நகரம் எதற்குப் போனாலும், செப்டம்பர் கடைசியில் பூங்கா நடைபாதையெல்லாம் பளபளவென்று பழுப்புக் கொட்டைகள் இறைந்து கிடக்கும். சில வாரங்களில் தெருமுனையில் ஒருவர் கரி அடுப்பு மூட்டி, பார்வைக்கு அதே போன்ற கொட்டைகளை வறுத்துக் காகிதப் பொட்டலத்தில் கட்டிக் கொடுப்பார். காசு கொடுத்து வாங்குவானேன், கீழே கிடப்பதைப் பொறுக்கி வந்து வீட்டிலேயே சுட்டுக்கொள்ளலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் சுட்டுத் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடியவர்கள் உண்டு. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை இதைப் பற்றிப் பொதுமக்களை எச்சரித்து வருகிறது.

நடைபாதையில் கிடப்பது பெரும்பாலும் ஹார்ஸ் செஸ்ட்நட். அடுப்பில் வறுபடுவது ஸ்வீட் செஸ்ட்நட். பெயரில்தான் ஒட்டு, உறவில் இல்லை. ஸ்வீட் செஸ்ட்நட் ஓக் மரத்தின் பங்காளி. தாவரவியலார் காஸ்டானியா என்பார்கள். ஹார்ஸ் செஸ்ட்நட்டின் பேரினம் ஈஸ்குலஸ். நம் பூந்திக்கொட்டையும் லிச்சியும் இருக்கும் குடும்பத்தைச் சேர்ந்தது. பூந்திக்கொட்டையை ஊறவைத்தால் நுரைப்பது சபோனின் என்ற பொருளால். ஹார்ஸ் செஸ்ட்நட்டிலும் அந்த வகைப் பொருள்கள் நிறைய உண்டு. ஈஸ்குலின் என்ற நச்சும் சேர்ந்திருக்கிறது. அவித்தாலும் சுட்டாலும் இவை போய்விடுவதில்லை. தின்றால் வாந்தி, பேதி, வயிற்றுவலி வரும். அளவு மீறினால் தசை தளர்ந்து நடை தள்ளாடும்.

உலகில் தின்னும் செஸ்ட்நட் முக்கியமாக நான்கு வகை: ஐரோப்பியம், சீனம், ஜப்பானியம், அமெரிக்கம். இந்த நான்கும் ஒரு காலத்தில் மலைமக்களின் வயிற்றை நிரப்பியவை. இன்று அவற்றில் ஒன்று ஏறக்குறைய அழிந்துவிட்டது. மற்றவை பிழைத்திருப்பது, யாரோ ஒருவர் ஒட்டுக் கட்டி, கவாத்து செய்து, அன்றன்றைக்கு விழுந்ததைக் குனிந்து பொறுக்குவதால்தான். இந்தக் கொட்டையின் கதையில் மரத்தைவிட மனிதக் கைக்குத்தான் வேலை அதிகம்.

கொட்டையைப் பார்க்காதீர்கள், கூட்டைப் பாருங்கள்

உரித்துத் தனியே கிடக்கும் கொட்டையின் நிறம் யாரையும் ஏமாற்றிவிடும். மரத்தடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தால் சந்தேகமே வராது.

மேலுறை: தின்னும் செஸ்ட்நட்டின் கூடு முழுக்க ஊசி ஊசியாக, இடைவெளியே தெரியாமல் அடர்ந்த முள். வெறுங்கையால் தொட முடியாது. பொறுக்குகிறவர்கள் தடித்த கையுறை போட்டுக்கொள்வார்கள், அல்லது பூட்ஸ் காலால் மிதித்துப் பிதுக்குவார்கள். ஐரோப்பிய ஹார்ஸ் செஸ்ட்நட்டின் உறை பச்சையாக, சதைப்பற்றோடு, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குட்டை முள் கொண்டிருக்கும்.

கூட்டுக்குள் எத்தனை: தின்னும் வகையில் பொதுவாக இரண்டு அல்லது மூன்று கொட்டைகள் நெருக்கியடித்துக் கிடக்கும். அதனால்தான் ஒரு பக்கமாவது தட்டையாக இருக்கும். நஞ்சுக் கொட்டை பெரும்பாலும் ஒன்றே ஒன்று, உருண்டையாக இருக்கும்.

நுனி: தின்னும் கொட்டையின் ஒரு முனை கூராக முடிந்து, அங்கே காய்ந்த சிறு குஞ்சம் ஒட்டியிருக்கும். மற்றதில் கூரும் இல்லை, குஞ்சமும் இல்லை. வழவழவென்று உருண்டு, வெளிறிய பெரிய தழும்பு மட்டும் தெரியும். கடைசிச் சோதனை எப்போதும் இந்த நுனிதான்.

இலை: தின்னும் மரத்தில் காம்புக்கு ஒரே இலை; நீளமாக, ஓரமெல்லாம் ரம்பப் பல். ஹார்ஸ் செஸ்ட்நட்டில் ஒரே காம்பின் நுனியிலிருந்து ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் விரல் விரலாகப் பிரியும்.

பூ: கோடையின் தொடக்கத்தில் தின்னும் மரத்தில் வெளிர்மஞ்சள் சரங்கள் நீளமாகத் தொங்கும், வாடை கொஞ்சம் காட்டமாக இருக்கும். ஹார்ஸ் செஸ்ட்நட்டுக்கு வசந்தத்திலேயே வெள்ளைப் பூங்கொத்து நட்டமாக நிமிர்ந்து நிற்கும். பாரிஸ் சாலைகளை அலங்கரிப்பது இதுதான்.

இமயமலைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. காஷ்மீர், இமாச்சலம், உத்தராகண்ட் மலைகளில் இயற்கையாக வளரும் இந்திய ஹார்ஸ் செஸ்ட்நட்டின் காயில் முள்ளே கிடையாது. தோல் உறை மட்டும்தான். ஆகவே முள்ளை நம்பிப் பயனில்லை. விரல் விரலான இலையைப் பார்த்தே ஒதுங்க வேண்டும். அங்குள்ள மலைக்கிராமங்களில் இந்தக் கொட்டையை இடித்து, நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கசப்பைப் போக்கி மாவாக்கி உண்ணும் வழக்கம் உண்டு. தலைமுறை தலைமுறையாகக் கைப்பழக்கத்தில் வந்த அந்த வித்தையை நாம் வீட்டில் முயலக் கூடாது.

தின்ன உதவாத இந்தக் கொட்டைக்கும் ஒரு போர்க்காலப் பெருமை உண்டு. முதல் உலகப் போரின்போது வெடிமருந்துக்கு வேண்டிய அசிட்டோன் தட்டுப்பட்டதால், 1917-இல் பிரிட்டன் அரசு பள்ளிக் குழந்தைகளைக் கொண்டு ஹார்ஸ் செஸ்ட்நட் பொறுக்க வைத்தது. குழந்தைகள் மலைமலையாகக் குவித்தார்கள். அதிலிருந்து அசிட்டோன் எடுப்பது எதிர்பார்த்த அளவுக்குப் பலன் தரவில்லை. இன்றும் அங்கே பிள்ளைகள் அதைக் கயிற்றில் கோத்து ஒன்றையொன்று அடித்து உடைத்து விளையாடுகிறார்கள்.

பெயரால் இன்னும் இருவர் குழப்புவார்கள். சீன உணவகத்தில் மொறுமொறுவென்று கடிபடும் வாட்டர் செஸ்ட்நட் ஒரு கோரையின் கிழங்கு. வட இந்தியாவில் விரத நாளில் மாவாகும் சிங்காடா, குளத்தில் மிதக்கும் செடியின் கொம்புள்ள காய். இரண்டும் நல்ல உணவுதான். ஆனால் மரத்தில் காய்ப்பவை அல்ல.

கோதுமை ஏறாத மலையில்

பாதாம், முந்திரி, வால்நட் எல்லாம் எண்ணெய்க் கொட்டைகள். செஸ்ட்நட்டில் கொழுப்பு மிகக் குறைவு. பச்சைக் கொட்டையில் ஏறக்குறைய பாதி தண்ணீர், மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. கொட்டை வகைகளில் அபூர்வமாக வைட்டமின் சி-யும் உண்டு. சுட்ட பலாக்கொட்டையைத் தின்றவர்களுக்கு இதன் சுவையை விளக்க வேண்டியதில்லை. அதைவிட இனிப்பு கூடுதல், அவ்வளவுதான். மாவுச்சத்து இருப்பதால் இது கொறிக்கும் பண்டமாக மட்டும் இல்லாமல் சோறாகவே இருந்தது. இத்தாலிய மலைவாசிகள் இதை ரொட்டி மரம் என்றே அழைத்தார்கள்.

டஸ்கனி மாநிலத்து கார்ஃபன்யானா பள்ளத்தாக்கில் அந்த ரொட்டி எப்படி உருவாகிறது என்பதை இன்றும் பார்க்கலாம். தோப்புக்கு நடுவே கல்லால் கட்டிய இரண்டடுக்குச் சிறு வீடு, மெட்டாட்டோ என்பார்கள். கீழே செஸ்ட்நட் விறகு கனன்றுகொண்டிருக்கும். மேலே மரச்சட்டப் பரணில் கொட்டைகள் பரப்பியிருக்கும். தீ கொழுந்து விடக் கூடாது, அணையவும் கூடாது. இப்படிச் சுமார் நாற்பது நாள் புகையில் காய்ந்த பிறகு ஓடு நீக்கிக் கல் எந்திரத்தில் அரைக்கிறார்கள். அந்த மாவைக் கரைத்து இரண்டு இரும்புத் தட்டுகளுக்கு நடுவே சுட்டால் நெச்சி என்ற அடை. ஆட்டுப்பால் அல்லது பசும்பால் ரிக்கோட்டாவை உள்ளே வைத்துச் சுருட்டித் தின்பார்கள். இந்த மாவுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு உண்டு. க்ளூட்டன் இல்லாததால் கோதுமை ஒவ்வாதவர்களும் இப்போது தேடி வாங்குகிறார்கள்.

மத்தியதரைக்கடல் தீவான கார்சிகாவில் இந்த மரம் அரசியலாகவே இருந்தது. தீவை ஆண்ட ஜெனோவாக்காரர்கள் 1584-இல் ஓர் ஆணை போட்டார்கள்: நிலம் வைத்திருப்பவர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு நான்கு மரமாவது நட வேண்டும். அந்தப் பட்டியலில் செஸ்ட்நட்டும் இருந்தது. தீவின் வடகிழக்கில் காடாகவே பரந்து, அந்த வட்டாரத்துக்கு காஸ்டான்யிச்சா என்று பெயரும் நிலைத்தது. பின்னால் தீவைப் பிடித்த பிரெஞ்சு நிர்வாகம் புதுத் தோப்பு போடுவதற்குத் தடை விதித்தது. உழாமல் விதைக்காமல் சோறு கிடைத்தால் மக்கள் சோம்பேறிகளாகிவிடுவார்கள், அடங்கவும் மாட்டார்கள் என்பது அதிகாரிகளின் கணக்கு. தடை நெடுநாள் நிற்கவில்லை. மரம் நின்றது.

பிறகு ரயிலும் சாலையும் மலைக்குக் கோதுமை மாவைக் கொண்டுவந்தன. இளைஞர்கள் அதே சாலையில் கீழே இறங்கினார்கள். ஏழையின் ரொட்டி மெல்லப் பணக்காரரின் மிட்டாயானது. பிரான்சின் ஆர்தேஷ் மாவட்டத்தில், பிரிவா என்ற ஊரில் கிளெமான் ஃபோஜியே 1882-இல் மரோன் கிளாசே தயாரிக்கும் ஆலை தொடங்கினார். முழுக் கொட்டையை உடையாமல் உரித்து, நாள்கணக்கில் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துச் செய்யும் இனிப்பு அது. உடைந்துபோனவற்றை வீணாக்காமல் மசித்து 1885-இல் செஸ்ட்நட் கிரீம் விற்றார். இன்றும் பிரெஞ்சுக் கடைகளில் அந்த டப்பா இருக்கிறது. உட்தோல் கொட்டைக்குள் மடிந்து புகுந்து பருப்பைப் பிளக்காத வகைக்குத்தான் மிட்டாய்க்காரரிடம் மதிப்பு. பிளவுபட்டது மாவுக்குப் போகும்.

ஆசியாவின் கை

ஐரோப்பாவைப் பற்றி இவ்வளவு பேசினாலும் விளைச்சல் கணக்கில் சீனாவுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. உலக உற்பத்தியில் சுமார் முக்கால் பங்கு அங்கேதான். ஹெபெய் மாநிலத்து சியன்ஷி போன்ற மலைவட்டங்களில் விளைந்து, டியன்ஜின் துறைமுகம் வழியாகக் கப்பலேறியதால், ஜப்பான் கடைகளில் இதற்கு டியன்ஜின் கொட்டை என்றே பெயர். சீன வகைக்குப் பெரிய நற்குணம் ஒன்று உண்டு: வறுத்ததும் உட்தோல் சுலபமாகக் கழன்றுவிடும்.

சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் தமிழர்களுக்கு அந்த மணம் பழக்கமானது. பெட்டாலிங் ஸ்ட்ரீட் போன்ற தெருக்களில் பெரிய வாணலியில் கரிய பொடிக்கற்களும் சர்க்கரையும் சேர்த்துக் கொட்டையைப் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். வேகவைப்பது கல்லின் சூடு; எல்லாப் பக்கமும் ஒரே சீராகப் படும். உருகிய சர்க்கரை கல்லிலும் ஓட்டிலும் பூசி மினுக்கும். புழுதியை ஒட்டாமல் காக்கும். கொட்டையின் இனிப்பு பெரும்பாலும் அதன் சொந்த இனிப்பே.

ஜப்பானில் உறவு இன்னும் பழையது. ஆமோரி அருகே சன்னாய் மருயாமா என்ற ஜோமோன் காலக் குடியிருப்பில், சுமார் ஒரு மீட்டர் குறுக்களவுள்ள செஸ்ட்நட் தூண்களின் அடிப்பகுதிகள் கிடைத்தன. நெல் வருவதற்கு முன்பே, நாலாயிரம் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன், அந்த மக்கள் ஊரைச் சுற்றி இந்த மரத்தைப் பேணி வளர்த்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் முடிவு. ஜப்பானியக் கொட்டை பெரியது; ஆனால் உட்தோல் விடாப்பிடியாக ஒட்டும், துவர்க்கும். அந்தத் தொல்லையைத் தீர்க்க அரசு ஆய்வு நிலையம் உருவாக்கிய போரோத்தான் என்ற ரகம் 2007-இல் பதிவானது. சுட்டால் தோல் தானாகக் கழன்றுவிடும். இலையுதிர் காலத்தில் அரிசியோடு சேர்த்து வடிக்கும் குரி கோஹான் அங்கே வீட்டுச் சமையல்.

கொரியாவில் கோங்ஜு வட்டாரம் இதற்குப் பெயர்போனது. முன்னோருக்குப் படைக்கும் தட்டில் உரித்த செஸ்ட்நட் இருந்தாக வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு மாமனார் மாமியார் இதையும் இலந்தை வகைப் பழத்தையும் மணமக்கள் விரித்துப் பிடிக்கும் துணியில் எறிவார்கள். எத்தனை பிடிபடுகிறதோ அத்தனை குழந்தை என்று கேலி பேசுவார்கள்.

நான்காவது மரத்தின் சாவு

கிழக்கு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்காட்டில், நான்கு மரத்தில் ஒன்று செஸ்ட்நட் என்று சொல்லும் அளவுக்கு அது நிறைந்திருந்தது. வீட்டுச் சுவர், தண்டவாளக் கட்டை, வேலி, பன்றித் தீனி, கிறிஸ்துமஸுக்கு நகரத்தில் விற்றுக் காசாக்கும் கொட்டை எல்லாம் அதிலிருந்துதான். 1904-இல் நியூயார்க் பிராங்ஸ் விலங்குக்காட்சிச் சாலையில் மரங்கள் பட்டுப்போவதை அங்கிருந்த வனக்காவலர் ஹெர்மன் மெர்கல் கவனித்தார். ஆசியாவிலிருந்து வந்த செஸ்ட்நட் கன்றுகளோடு ஒரு பூஞ்சையும் வந்திருந்தது. ஆசிய மரங்கள் அதோடு வாழப் பழகியவை. அமெரிக்க மரத்துக்கு எதிர்ப்பு இல்லை. பட்டையில் உள்ள காயம் வழியே புகுந்து, தண்டைச் சுற்றி வளைத்துச் சத்தோட்டத்தை அறுத்துவிடும். நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் முந்நூறு கோடி முதல் நானூறு கோடி மரங்கள் வரை மாண்டன என்பது மதிப்பீடு.

வேர் மட்டும் சாவதில்லை. இன்றும் அடிக்கட்டையிலிருந்து துளிர் வரும். சில ஆண்டு வளரும். பட்டை வெடிக்கும் பருவத்தில் பூஞ்சை மறுபடி பிடிக்கும். இந்த மரத்தை மீட்க 1983-இல் ஓர் அமைப்பு தொடங்கியது. கோதுமையின் மரபணு ஒன்றைச் சேர்த்து உருவாக்கிய டார்லிங் 58 என்ற கன்றின் மீது பெரும் நம்பிக்கை வைத்தார்கள். 2023 டிசம்பரில் அந்த அமைப்பே ஆதரவை விலக்கிக்கொண்டது. சோதனை வயலில் நின்றவை டார்லிங் 58 அல்ல, டார்லிங் 54 என்ற வேறொரு வரிசை என்று தெரியவந்தது. வளர்ச்சியும் எதிர்பார்த்தபடி இல்லை.

அதே பூஞ்சை 1938-இல் இத்தாலியின் ஜெனோவா அருகே தலைகாட்டியது. ஐரோப்பாவும் இழந்துவிடும் என்றே எண்ணினார்கள். ஆனால் 1950-களில் சில மரங்களின் புண்கள் தாமாக ஆறுவதை அன்டோனியோ பிராகி என்ற அறிஞர் கண்டார். பூஞ்சையைத் தாக்கி வலுவிழக்கச் செய்யும் ஒரு வைரஸ் அங்கே பரவியிருந்தது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அந்த நோயுற்ற பூஞ்சையை எடுத்து வேண்டிய மரத்தின் புண்ணைச் சுற்றித் தடவும் முறையைக் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் அதே வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. அங்கே பூஞ்சையில் ஒன்றோடொன்று ஒட்டாத உள்வகைகள் பல, வைரஸ் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவவில்லை.

அடுத்த அடி 2002-இல் இத்தாலியின் பியட்மான்ட்டில் விழுந்தது. சீனாவைப் பூர்வீகமாகக் கொண்ட ஒரு குளவி, மொட்டுக்குள் முட்டையிட்டு அதைக் கழலையாக்கிவிடும். பூவும் இல்லை, காயும் இல்லை. விளைச்சல் சரிந்தது. அந்தக் குளவியைத் தின்னும் இன்னொரு குட்டிக் குளவியை ஜப்பானிலிருந்து வரவழைத்து 2005 முதல் தோப்புகளில் விட்டார்கள். சில ஆண்டுகளில் கழலைகள் குறைந்தன. மருந்து தெளிக்காமலே கிடைத்த வெற்றி இது.

தெருவில் யார் விற்கிறார்கள்?

போர்ச்சுகலில் நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாள். ஊரே தீ மூட்டிச் செஸ்ட்நட் சுட்டுப் புதுத் திராட்சை மதுவோடு கொண்டாடும். லிஸ்பனில் குளிர்காலம் முழுக்க வண்டிக்காரர்கள் உப்புத் தூவிச் சுடுவார்கள். ஓட்டின் மேல் வெண்சாம்பல் பூத்தது போல் ஒரு படிவு இருக்கும். இஸ்தான்புல்லில் கெஸ்தானே எனப்படும் செஸ்ட்நட் வண்டி இல்லாத சந்தடித் தெரு கிடையாது. பாகில் ஊறிய இனிப்புக்கு பூர்சா நகரம். பாரிஸ் மெட்ரோ வாசல்களில் சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியில் தகர அடுப்பு பொருத்தி விற்பவர்களில் பலர் வங்கதேசம், இந்தியா பக்கத்திலிருந்து போனவர்கள். உரிமம் இல்லாத வியாபாரம்; போலீஸைக் கண்டால் சூடான அடுப்போடு வண்டியை உருட்டிக்கொண்டு ஓட வேண்டும்.

இந்தியாவில் இது பெருவணிகம் அல்ல. ஆங்கிலேயர் காலத்தில் இமயமலை ஊர்கள் சிலவற்றில் ஐரோப்பிய மரத்தை நட்டார்கள். அங்கங்கே இன்னும் காய்க்கிறது. நேபாளம், டார்ஜிலிங், சிக்கிம் மலைகளில் கட்டூஸ் என்ற உறவுக்கார மரம் உண்டு, காஸ்டனாப்சிஸ் இனம். சிறிய கொட்டை, நல்ல சுவை; பருவத்தில் சந்தைக்கு வரும். தெற்கே மேற்குத் தொடர்ச்சி மலையிலோ ஓக், செஸ்ட்நட் குடும்பத்தில் ஒரு மரம்கூட இயற்கையாக இல்லை. ஆகவே தமிழ்நாட்டுக் காட்டில் யாராவது செஸ்ட்நட் என்று எதையாவது காட்டினால் வாயில் போட வேண்டாம். பெருங்கடைகளில் வருவது இறக்குமதி. பெரும்பாலும் உரித்து வேகவைத்து அடைத்த உறை.

வாங்கும்போது

பச்சைக் கொட்டை கனமாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் ஓடு உள்ளே போனால் பருப்பு சுருங்கிவிட்டது. ஊசித்துளை இருந்தால் வண்டு குடியிருந்து வெளியேறிய வாசல். தண்ணீரில் போட்டால் மிதப்பவை பெரும்பாலும் கெட்டவை. தண்ணீர்ச் சத்து அதிகம் என்பதால் முந்திரி போல டப்பாவில் போட்டு மறந்துவிடக் கூடாது. குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும்.

சுடுவதற்கு முன் ஒவ்வொன்றிலும் கத்தியால் கீறல் போடுவது கட்டாயம். இல்லாவிட்டால் உள்ளே நீராவி அடைத்து வெடிக்கும். அடுப்பைத் திறக்கிற நேரத்தில் முகத்தில் தெறிக்கும். சூடு ஆறுவதற்குள் உரித்துவிட வேண்டும். ஆறினால் உட்தோல் ஒட்டிக்கொள்ளும். ரப்பர் லேட்டக்ஸ் ஒவ்வாமை உள்ளவர்களில் சிலருக்குச் செஸ்ட்நட்டும் ஒத்துக்கொள்ளாது. அவர்கள் மருத்துவரைக் கேட்டே தொட வேண்டும்.

உறையில் விளைந்த இடம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஆர்தேஷ், குனியோ, கார்ஃபன்யானா, கோங்ஜு என்று ஊர்ப்பெயரோடு வருவதற்கு விலை அதிகம். அந்த அதிக விலை, செங்குத்தான சரிவில் முள்ளுக்கூட்டின் நடுவே குனிந்து நிற்பவரின் கூலி. கவாத்தும் களையெடுப்பும் நின்றுபோனால் சில ஆண்டுகளிலேயே தோப்பு புதராகிவிடும்; ஒட்டு மரம் பட்டுப்போய், அடியிலிருந்து கிளைக்கும் காட்டுமரம் சுண்டைக்காயாகக் காய்க்கும். ஐரோப்பிய மலைகளில் அப்படிக் கைவிட்ட தோப்புகள் ஏராளம். அமெரிக்க மரத்தைக் கொன்றது பூஞ்சை. ஐரோப்பிய மரம் பூஞ்சையையும் குளவியையும் தாண்டிவிட்டது. பொறுக்க ஆள் இல்லாமல் போவதைத் தாண்டுமா என்பது மலையை விட்டு இறங்கிய பிள்ளைகள் திரும்புவதைப் பொறுத்தது. அவர்கள் திரும்புவது, நாம் கொடுக்கும் விலையைப் பொறுத்தது.